பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த தையல் பெட்டி

150 பவுண்டுகூட விலை போகாத ஒரு பழைய மரப்பெட்டிக்காக 680 பவுண்டு செலவழித்திருக்கிறேன். ஒன்றரை வருடம் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இரண்டு மூன்று விஷயங்களை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. வெளிநாட்டில் வயதான அண்டை வீட்டாரோடு நெருங்கிப் பழகுபவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, வெஸ்ட் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் விக்கிரமசிங்கபுரம். அப்பா மில்லில் வேலை பார்த்தார். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, இங்கே இருக்கும் நம் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாவுக்கு 90 வயது தாண்டியிருந்தது. ஜன்னல் வழியாக நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் கதவைத் தட்டி, கொக்கி வைக்கும் இடத்தை எப்படி மடிக்கிறேன் என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. ஆறு வருடம் வாரத்தில் நான்கு நாளாவது சேர்ந்து டீ குடித்திருப்போம்.

2021 அக்டோபரில் ஒரு மாலை, அவர் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வால்நட் மரத்தை மெல்லிய தகடாகச் சீவி மேலே ஒட்டியிருந்தார்கள். மூடியின் நடுவில் முத்துச்சிப்பி பதித்த ஒரு சின்னச் சதுரம். திறந்தால் மங்கிய ஊதாப் பட்டு. உள்ளே ஒரு தட்டு, தட்டில் சின்னச் சின்ன அறைகள். ஊசிக்கூடு, அளவு நாடா வைக்கும் உருளை, துளை போடும் கூர்முனை, வெள்ளி நிறத்தில் விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பி, அப்புறம் ஒரு மரத்து நூல்கட்டை. நூல்கட்டையின் முனையில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ஜே அண்ட் பி கோட்ஸ், பெய்ஸ்லி என்று இருந்ததைப் படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் ஊர் மில் மதுரா கோட்ஸ். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊர்க்காரர்களின் அந்தக் கம்பெனிப் பெயரில் வந்த சம்பளத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அதைச் சொன்னபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இது என் அம்மாவுடைய பாட்டியின் பெட்டி. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், அவருடைய கல்யாணத்துக்காக வாங்கியதாம். எப்போதும் பெண் வழியாகவே வந்திருக்கிறது. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. நீ தைக்கிறாய், நீ வைத்துக்கொள்” என்றார்.

நான் செய்த முதல் தவறு அந்த நிமிடத்தில்தான். “இதை இரண்டு வரி எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும். கொடுக்கிற கையைப் பார்த்து எழுதிக் கொடு என்று கேட்பது நமக்கு வராது. அவமதிப்பாகத் தோன்றும். ஆனால் வேறு விதமாகக் கேட்கலாம். “இந்தப் பெட்டியின் கதையை உங்கள் கையெழுத்தில் எழுதி, கடைசியில் எனக்குக் கொடுத்ததாக ஒரு வரி சேர்த்து, தேதி போடுங்கள்” என்றால் எந்தப் பாட்டியும் சந்தோஷமாக எழுதுவார். பெட்டியோடு அவர் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம், அவர் கதை சொல்வதை ஃபோனில் ஐந்து நிமிட வீடியோ, அவருடைய உறவினர் ஒருவருக்கு அவர் வாயாலேயே ஒரு தகவல். இவ்வளவு இருந்திருந்தால் பின்னால் வந்த கடிதம் வந்தே இருக்காது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பெட்டியின் பட்டு பல இடங்களில் கிழிந்திருந்தது, மரத்தில் கறை. கிறிஸ்துமஸுக்கு அதைப் பளபளவென்று ஆக்கி அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். 340 பவுண்டு. ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. மரம் கண்ணாடிபோல் மின்னியது, உள்ளே புத்தம்புதுப் பட்டு. கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா மூடியைத் திறந்தார், உள்ளே தடவிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “பழைய பட்டு எங்கே?” என்று மட்டும் கேட்டார். புதுப்பித்தவர் அதைக் குப்பையில் போட்டிருந்தார். தட்டின் அடியில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தையும் சுரண்டி எடுத்து, மரத்தைத் தேய்த்துவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

பின்னால் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசியபோதுதான் என்ன போனது என்று புரிந்தது. 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது, தற்செயலாக ஒரு ஊதாச் சாயம் கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து வந்த முதல் செயற்கைச் சாயங்களில் அது ஒன்று. சில வருடங்களில் இங்கிலாந்து முழுக்க அந்த ஊதாவாகத்தான் இருந்தது. நம் பெட்டியின் பட்டு அந்த வகைச் சாயமா, அதற்கு முன்பிருந்த தாவரச் சாயமா என்று ஆய்வகத்தில் பார்த்திருந்தால், 1851 என்ற குடும்பக் கதையைச் சோதித்திருக்கலாம். நகத்தளவு துண்டு போதும் என்றார். அந்த நகத்தளவுதான் என்னிடம் இல்லை.

ஆகவே பழைய பெட்டி கைக்கு வந்தால் முதலில் துணியை எடுத்துத் துடைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையையும், தட்டின் அடியையும், பூட்டையும், கீலையும், திருகாணிகளையும் படமெடுங்கள். தட்டைத் தூக்கிக் கவிழ்த்துப் பாருங்கள், பென்சில் எழுத்து அங்கேதான் இருக்கும். பிரிந்து விழும் பட்டையும் காகிதத்தையும் உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். எனக்குத் தப்பியது ஒரே ஒரு படம். பெட்டி வந்த அன்று திருநெல்வேலியில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் தட்டைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறேன், பென்சிலில் ஒரு “எம்” எழுத்தும், பக்கத்தில் 187 என்ற எண்ணும் தெரிகின்றன. நான்காவது எண் புகைபோல் இருக்கிறது. என் ஃபோன் பழுதாகி மூலப்படம் போய்விட்டது. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியதுதான் மிச்சம். முக்கியமான படங்களை ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2022 பிப்ரவரியில் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். ஏப்ரலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய அண்ணன் மகன்தான் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தார். 2009-ல் எழுதிய உயிலில் “என் அம்மாவின் தையல் பெட்டி” அக்காள் மகளுக்கு என்று இருக்கிறதாம். வீட்டில் பெட்டி இல்லை, உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது, திருப்பித் தரவும். மரியாதையான கடிதம்தான். ஆனால் படித்ததும் கை நடுங்கியது. வயதான வெள்ளைக்காரப் பெண்மணியிடமிருந்து பொருளை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு இந்தியக்காரி என்று தெருவே பேசும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே போவதைக் குறைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடப் பத்து நாள் சொல்லவில்லை. இதில்தான் நிறைய காலம் வீணானது. பயத்தில் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தேன், பதில் போடாதது சந்தேகத்தை வளர்த்தது. “கடிதம் கிடைத்தது, பெட்டி பத்திரமாக இருக்கிறது, விவரம் எழுதுகிறேன்” என்று அன்றைக்கே மூன்று வரி அனுப்பியிருக்கலாம். உயிலை நிறைவேற்றுபவருக்கு, இறந்தவரின் பொருள் எது எங்கே என்று கணக்கெடுக்க வேண்டிய கடமை இருக்கிறது. அவர் தன் வேலையைச் செய்தார். அதை என்மேல் சொன்ன குற்றமாக நான்தான் எடுத்துக்கொண்டேன்.

சொலிசிட்டரிடம் ஒரு மணி நேரம் பேச 180 பவுண்டு. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கொடுக்கும் எண்ணத்தோடு ஒருவர் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால், பேச்சளவிலேயே அது செல்லுபடியாகும் பரிசு. உயிலில் முன்பு என்ன எழுதியிருந்தாலும், சாகும்போது அவரிடம் இருந்த பொருளுக்குத்தான் உயில் பொருந்தும். ஆனால் கொடுத்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த அளவு ஆலோசனையை சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாகவே கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒரு தோழி சொன்னாள். முதலில் அங்கே போங்கள்.

சோர்ந்துபோன நிலையில், பெட்டியை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் மகன் சொன்னதற்குச் சரி என்றேன். செப்டம்பரில் ஒரு ஏலக்கடைக்கு எடுத்துப் போனேன். எழுத்தில் மதிப்பீடு தர 45 பவுண்டு. 100 முதல் 150 வரை போகும் என்றார்கள். இந்த வகை வால்நட் பெட்டிகள் அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டவை. பழைய பட்டும் மெருகும் போனதால் இன்னும் குறைவு. அது ஒரு அடி. அடுத்து மதிப்பிட்டவர் பூதக்கண்ணாடியில் ஊசிக்கூட்டையும் நாடா உருளையையும் பார்த்துவிட்டு, “இவை யானைத் தந்தம், இவற்றோடு ஏலத்தில் எடுக்க முடியாது” என்றார்.

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 2018-ல் இயற்றப்பட்ட தந்தச் சட்டம் பிரிட்டனில் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் தந்தப் பொருளை விற்கவோ வாங்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சில விலக்குகள் மட்டும் உண்டு. 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் மொத்தக் கன அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, அது பொருளோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்திருந்தால், கட்டணம் கட்டிப் பதிவு செய்து விற்கலாம். தையல் பெட்டியில் சிக்கல் எங்கே என்றால், மூடியில் தந்தம் பதித்திருந்தால் அது பொருளோடு சேர்ந்தது. ஆனால் அறைக்குள் சும்மா வைத்திருக்கும் ஊசிக்கூடு தனிப் பொருள், முழுக்கத் தந்தம். அதற்கு இந்த விலக்கு இல்லை. மீறினால் 2,50,000 பவுண்டு வரை அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை. விற்காமல் வீட்டில் வைத்திருக்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், உயிலில் எழுதலாம். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். எல்லை தாண்டும் தந்தத்துக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்த வியாபாரத்தையே தடை செய்கிறது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தமும் இல்லை. எங்கள் பெட்டியில் கூர்முனைக் கருவி எலும்பு. உற்றுப் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும், ஒரு காலத்தில் ரத்தம் ஓடிய துளைகள் அவை. தந்தத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். செல்லுலாய்டு என்றால் கோடுகள் அச்சடித்ததுபோல் நேராக ஓடும். தென் அமெரிக்கப் பனை ஒன்றின் கொட்டையில் செய்த தையல் சாமான்களும் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். பொருள் கெடும், பதிலும் உறுதியாக இராது.

விற்க முடியாமல் போனது நல்லதாகவே முடிந்தது. அந்த இழுபறியில் நாட்கள் ஓடின. டிசம்பரில் பழைய வாழ்த்து அட்டைகளை ஒழுங்குபடுத்தும்போது, முந்தைய வருடம் அந்த அம்மா கொடுத்த கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. “பெட்டி இப்போது உன்னுடையது, அடிக்கடி திற” என்று எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டிருந்தார். புதுப்பித்த பெட்டியைப் பார்த்து மனம் உடைந்த பிறகு எழுதியது அது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். அட்டையின் நகலை அனுப்பியதும் அண்ணன் மகன் உரிமை கோருவதை விட்டுவிட்டார். அக்காள் மகள் மட்டும் டெவனிலிருந்து எனக்கு நேரடியாக எழுதினார். சின்ன வயதில் சித்தி வீட்டுக்குப் போனால் அந்தத் தட்டில் பொத்தான்களை நிறவாரியாக அடுக்குவது தன் வேலை என்றும், விற்பது தனக்குப் பிடிக்கவே இல்லை என்றும் சொன்னார். பெட்டியின் கதையைக் கண்டுபிடிக்க உதவுவீர்களா என்று கேட்டார்.

அங்கேதான் நான் எதிர்பாராத சுவர் ஒன்று எழுந்தது. பெண் வழியாக வந்த பொருளுக்குக் காகிதமே இல்லை. இங்கிலாந்தில் கல்யாணச் சான்றிதழில் மணமக்களின் அப்பாக்கள் பெயரும் தொழிலும் மட்டுமே இருந்தன, அம்மாக்கள் பெயர் சேர்ந்தது 2021 மே மாதம்தான். தலைமுறைக்கு ஒரு தரம் குடும்பப் பெயர் மாறிவிடுகிறது. உயிலைத் தேடலாம் என்றால், கல்யாணமான பெண் தன் பொருளைத் தன் விருப்பப்படி எழுதிவைக்கும் உரிமை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாக வந்தது. அதற்கு முன்பு தாலி கட்டிய கணமே, அவர்கள் வழக்கப்படி மோதிரம் மாற்றிய கணமே, அவள் கொண்டுவந்த பெட்டியும் ஊசியும்கூடச் சட்டப்படி கணவனுடையவை. நம் ஊரில் சீதனம் பெண்ணுடையது என்றாவது ஒரு பேச்சு உண்டு. அதுகூட இல்லாத காலத்தில், இந்தப் பெட்டி அம்மாவிடமிருந்து மகளுக்குக் கைக்குக் கை போயிருக்கிறது.

வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பிடியுங்கள், அதில் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் இருக்கும். அதை வைத்து அம்மாவின் பிறப்பு, பிறகு அவருடைய அம்மாவின் பிறப்பு என்று மேலே ஏறலாம். 1837 ஜூலையிலிருந்து பதிவுகள் உண்டு. பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் தேடுங்கள், ஆரம்ப வருடங்களிலிருந்தே தாயின் குடும்பப் பெயர் அதில் இருக்கிறது. மற்ற அட்டவணைகளில் 1911-க்குப் பிறகுதான் வரும். நாங்கள் வாங்கியபோது சான்றிதழ் ஒன்று 11 பவுண்டு, ஐந்து வாங்கினோம். இரண்டு ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வந்த செலவு 60.

சான்றிதழ்கள் குடும்பக் கதையை உடைத்தன. அந்த அம்மாவின் கொள்ளுப்பாட்டி பிறந்ததே 1850-ல். கண்காட்சி நடந்தபோது கைக்குழந்தை. கல்யாணம் 1874. தங்கைக்கு அனுப்பிய படத்தில் புகையாகத் தெரிந்த அந்த நான்காவது எண் நான்காக இருக்கலாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. விரல் தொப்பியோ அதற்கும் பிந்தியது. உள்ளே “டார்காஸ்” என்று பொறித்திருக்கிறது. இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே எஃகு வைத்துச் செய்யும் அந்த முறைக்கு, எங்கள் ஹாலிஃபாக்ஸின் சார்லஸ் ஹார்னர் 1884-ல் காப்புரிமை பெற்றார். அப்படியென்றால் அது மகள் வாங்கிச் சேர்த்ததாக இருக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே வயது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டு வைத்திருப்பாள்.

2023 மே மாதம் பெட்டியை அக்காள் மகளிடம் நானே கொடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொத்தான் அடுக்கிய கை அது. இந்த முறை எழுதிக் கொடுத்தேன்: யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதி, உள்ளே என்னென்ன, எது தந்தம், எது எலும்பு, புதுப்பித்தபோது எதெல்லாம் போனது என்பது வரை. இருவரும் கையெழுத்துப் போட்டோம், எதிர் வீட்டுக்காரர் சாட்சி. ஒரு நகல் தட்டின் அடியில், ஒன்று என்னிடம். நூல்கட்டையை அவர் எனக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதையும் அந்தக் காகிதத்தில் எழுதச் சொன்னேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. கொள்ளுப்பாட்டி 1879-லேயே இறந்துவிட்டார், கணவர் உடனே மறுமணம் செய்துகொண்டார். அப்புறம் எப்படி அந்தப் பெட்டி இரண்டாம் மனைவியிடம் போகாமல் மகளிடம் வந்தது? போன மாதம் டெவனிலிருந்து செய்தி வந்தது. 1881 மக்கள் கணக்கெடுப்பில் அந்த ஐந்து வயது மகள் அப்பா வீட்டில் இல்லை. அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீட்டில் இருக்கிறாள். பாட்டியின் பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது: துணி தைப்பவர்.